ரெண்டு மூட்டைப் பஞ்சுக்குச் சமம்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் எங்கள் மச்சான் முதலில் ஒரு கைதட்டுவார். வணக்கமும் கிடையாது, "வீட்டுல யாரு?" என்ற கேள்வியும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தின் நடுவில் போய் நின்று, பட்டென்று ஒரே ஒரு தட்டு. பிறகு தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டு, அந்தச் சத்தம் எந்தச் சுவரில் மோதுகிறது, எந்த மூலையில் தங்குகிறது, எப்போது அடங்குகிறது என்று கேட்டுக்கொண்டே நிற்பார். வீட்டுக்காரர் "வாங்க, உக்காருங்க" என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"இந்தக் கூடம் ரொம்பக் கத்துது" என்பார். இல்லையென்றால், "பரவால்ல, அடக்கமான கூடம்" என்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். மலாக்காவில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஒயர்மேன் வேலை. நான் அப்போது பஸ் கண்டக்டர். கல்யாணமாகவில்லை. காஜா பெராங்கில் அவர்கள் இருந்த பலகை வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தேன். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷமும் அடுத்த வருஷமும் நான் அங்கேதான் குடியிருந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் நாடு அடைந்த நிம்மதியில் கால்வாசிகூட நான் அடையவில்லை. காரணம் ஒரு பெட்டி.

அந்தக் காலத்தில் எங்கள் சந்தில் ரேடியோ வாங்கியவர்கள் எல்லாம் பச்சைக் கண் வைத்த ரேடியோதான் வாங்கினார்கள். நிலையம் சரியாக விழுந்தால் அந்தக் கண் சுருங்கிப் பளிச்சென்று எரியும். அக்காவும் அந்தப் பச்சைக் கண்ணுக்குத்தான் ஆசைப்பட்டாள். "ரேடியோ வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போன மச்சான், மூன்றாம் நாள் ஒரு லாரியில் வந்து இறங்கினார். நாலு பேர் சேர்ந்து இறக்கிய சாமான் இடுப்புயரம் இருந்தது. சாம்பல் நிறப் பெயின்ட் அடித்த மரப்பெட்டி. முன்னால் கம்பி வலை, பக்கத்தில் வெள்ளை எண். பச்சைக் கண் இல்லை, எந்தக் கண்ணும் இல்லை.

"இது என்ன, சவப்பெட்டிய நிமித்தி வச்ச மாதிரி?" என்றாள் அக்கா.

"பாக்கியம், இது சாதாரண ஸ்பீக்கர் இல்ல. ரேடியோ நிலையத்துக்குள்ள வச்சிருந்தது. பாடகர் எங்க தப்பு விட்டாரு, மைக் எங்க இருமிச்சுன்னு வேல செய்யறவங்க பிழை பிடிக்கிறதுக்குன்னே செஞ்ச பெட்டி. பழசுன்னு ஏலத்துல விட்டாங்க. யாரும் தொடல."

"யாரும் தொடாததத்தான் நீங்க தூக்கிட்டு வருவீங்க."

"வீட்டு ரேடியோ எல்லாம் சம்பந்தி வீட்டு உபசாரம் மாதிரி. எல்லாத்தையும் இனிப்பாக்கிக் குடுக்கும். இது அப்படியில்ல. உள்ளத உள்ளபடி சொல்லும்."

உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒருத்தரோடு ஏற்கெனவே குடித்தனம் நடத்துகிற அக்கா, அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கொட்டகையில் கழித்துப்போட்ட பழைய ரேடியோ ஒன்றையும் இசைத்தட்டு மெஷினையும் ஒயர் இழுத்துப் பெட்டியோடு சேர்த்து, முதல் நாள் பாட்டுப் போட்டார். நான் சொல்கிறேன், அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. பாடியவர் மூச்சிழுப்பதுகூடக் கூடத்தில் கேட்டது. நானும் அக்காவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். மச்சான் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது. பாதிப் பாட்டில் முள்ளைத் தூக்கிவிட்டார்.

"பெட்டி சரியாத்தான் பேசுது. நம்ம வீடுதான் குறுக்க பேசுது."

அன்றைக்குப் பிடித்தது சனி.

வீடு குறுக்கே பேசாமல் இருக்க அவர் செய்ததையெல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இலவம்பஞ்சு அடைத்த கோணி மூட்டைகளைக் கொண்டுவந்து மூலைக்கு நாலாக அடுக்கினார். பலகைச் சுவரில் பழைய கம்பளி, கூரைக்குக் கீழே முட்டை அடுக்கும் அட்டை. வெளிச்சத்தம் வரக் கூடாதென்று ஜன்னலை மூடி மெத்தையைச் சாய்த்தார். மலாக்கா வெயிலில் ஜன்னலை மூடிய பலகை வீடு எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அக்கா கொடியில் போடுவதற்கு முன்பே துணி காய்ந்துவிடும் போலிருக்கும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு நாற்காலி. பெட்டிக்கு எதிரே, கூடத்தின் நீளத்தை அளந்து, ஓர் இடத்தில் நாற்காலியைப் போட்டுக் காலைத் தரையோடு ஆணி அடித்துவிட்டார். அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பாட்டு சரியாக இருக்குமாம். அரை அடி தள்ளி உட்கார்ந்தாலும் அது வேறு பாட்டாம்.

"அங்க உக்காராம கேக்கிறது கேக்கிறதே இல்ல, தம்பி."

"அப்ப நாங்க இவ்வளவு நாளா என்ன மச்சான் கேட்டுக்கிட்டிருக்கோம்?"

"சத்தம்."

அவர் உட்கார்ந்து கேட்பார். நாங்கள் சத்தத்தில் நிற்போம். அதிலும் அவர் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு அடி ஓடும், எழுந்துபோய் ஒரு மூட்டையை நாலு விரல் நகர்த்துவார், சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போடுவார், மறுபடி முதலிலிருந்து வைப்பார். அந்தக் கோடுகளை அழிக்கக் கூடாது என்பதால் வெள்ளிக்கிழமை வீடு கழுவ அக்கா படும் பாடு சொல்லி மாளாது. "கல்யாணமாகி ஏழு வருஷம் ஆச்சு, இவரு வச்ச ஒரு பாட்டுல கடைசி அடிய நான் கேட்டதில்ல தம்பி. முடியுமா முடியாதான்னே தெரியாது" என்பாள்.

பிறகு அந்தச் சோதனை இசைத்தட்டு. அதில் பாட்டே கிடையாது. கப்பல் சங்குபோல அடியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, கடைசியில் கொசு காதில் ஊதுவதுபோல முடியும் ஒரே ஒரு ஊளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் போட்டால் சந்து நாய்கள் எல்லாம் வாசலில் வந்து உட்கார்ந்து கூடவே பாடும். ஊளை ஏறும்போது வீட்டில் எது அதிர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. அலமாரிக் கதவு அதிர்ந்தது, கட்டினார். பித்தளைத் தாம்பாளம் அதிர்ந்தது, அடியில் துணி வைத்தார். ஒரு நாள் எதுவும் அகப்படாமல் கிணுகிணு என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் தேடிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"வளையல்."

"என்ன வளையல்?"

"உன் கைதான். கொஞ்ச நேரம் கழட்டி வையேன்."

அக்கா இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டி, கண்ணாடி வளையல் அத்தனையும் குலுங்கக் குலுக்கிவிட்டு உள்ளே போனாள். மச்சான் என்னைப் பார்த்து, "நொடிக்கு ரெண்டாயிரம் அதிர்வுக்கு மேல உள்ள சத்தம் அது" என்றார். அவ்வளவுதான் அவருக்கு அதில் விளங்கியது.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் சந்துக்கு அடுத்ததுதான் மலாக்காச் செட்டிகளின் கம்பம், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட நம் ஆட்களின் குடியிருப்பு. அங்கே இருந்தவர் மாக் நாகம்மா; மாக் என்றால் மலாயில் அம்மா. பேரும் சாமியும் நம்முடையவை, போடுவது கெபாயாச் சட்டை, பேசுவது அவர்களுடைய மலாய். தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் ஆறு பலகாரத்தின் பேர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அக்காவுக்கு ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றில் குவே என்ற மலாய்ப் பலகாரம் கொண்டுவருவார். அக்கா அதே தட்டில் முறுக்கோ அதிரசமோ வைத்துத் திருப்பி அனுப்புவாள். அந்தத் தட்டு எந்த நாளும் சும்மா நடந்ததில்லை.

மாக் நாகம்மா வந்தால் மச்சான் விழுந்து விழுந்து உபசரிப்பார். "இங்க உக்காருங்க மாக், இங்க" என்று மூலையில் ஒரு நல்ல பிரம்பு நாற்காலியைப் போடுவார். இன்னொரு கோப்பி கொண்டுவரச் சொல்வார். மனுஷனுக்கு மரியாதை தெரிகிறதே என்று எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நாள் கொட்டகையில் வேலை செய்யும் ஒருவர் பாட்டுக் கேட்க வந்திருந்தார். மாக் நாகம்மா கிளம்புவதற்காக எழுந்தார். மச்சான் பதறிவிட்டார்.

"பத்து நிமிஷம் மாக், பத்து நிமிஷம். இந்தப் பாட்டு முடியட்டும்."

"ஏன்? எனக்கு அடுப்புல வேலையிருக்கு" என்றார் அவர், மலாயில்.

மச்சான் வந்தவரிடம் பெருமையாகத் திரும்பினார். மாக் நாகம்மாவுக்கும் புரியவேண்டும் என்று நல்லெண்ணத்தோடு மலாயிலேயே சொன்னார்: "கீழ்ச் சத்தம் எல்லாம் அந்த மூலையிலதான் போய்ச் சேரும். மாக் அங்க உக்காந்தா அப்படியே குடிச்சிருவாங்க. நானும் எத்தனையோ வச்சுப் பாத்துட்டேன். மாக் ஒரு ஆள் ரெண்டு மூட்டைப் பஞ்சுக்குச் சமம்."

மாக் நாகம்மா தன் இரண்டு பக்கமும் பார்த்தார். இடது பக்கம் ஒரு பஞ்சு மூட்டை, வலது பக்கம் ஒரு பஞ்சு மூட்டை.

"சாயா கூனி கா?" என்றார் மெதுவாக. நான் என்ன கோணிச் சாக்கா?

"சாக்கவிட நீங்க நல்லா இருக்கீங்க மாக்!" என்றார் மச்சான். ஆணையாகச் சொல்கிறேன், அவர் புகழ்ந்துதான் சொன்னார்.

மறுநாள் எங்கள் தட்டு திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, சும்மா.

அதற்கு மூன்று வாரம் கழித்துச் சைக்கிள் கடை ரெங்கசாமியின் தகப்பனார் தவறிப்போனார். சந்தின் முனையில் பெரிய கூடம் வைத்த வீடு அவர்களுடையது. நாங்கள் மாலையோடு போனோம். வாசலில் ஆண்கள், உள்ளே பெண்கள் ஒப்பாரி. வழியெல்லாம் நான் மச்சானின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். மாலையை வாங்கிப் போடுவதற்காக ஒரு நொடி விட்டேன்.

பட்.

ஒப்பாரி நின்றது. இத்தனை பேர் அழுகிற வீட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதேயில்லை. மச்சான் தலையை இடது பக்கம் சாய்த்து நின்றார். பிறகு ரெங்கசாமியின் தோளில் கைவைத்து, உண்மையான துக்கத்தோடு சொன்னார்: "நல்ல கூடம்பா. உங்கப்பா வீணாக்காம கட்டியிருக்காரு."

அன்றிலிருந்து ரெங்கசாமி என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் ஜாலான் பெண்டஹாராவில் உள்ள வேறு கடை வரை தள்ளிக்கொண்டு போவேன். "என்னய்யா செஞ்சேன் நான்?" என்று கேட்டால், "நீ ஒண்ணும் செய்யல. உன் மச்சானுக்குக் காத்து அடிக்கிற மாதிரி இருக்கு, கை வரமாட்டேங்குது" என்பார்.

ஆக, யாரும் வருவதில்லை. தீபாவளிக்கு அக்கா பத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தாள். வாசலில் நின்று வாங்கிக்கொண்டார்கள். திரும்ப ஒருவர்கூட எங்கள் படியேறவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு, அக்காவுக்குச் சந்துதான் உலகம். "வீட்டச் சரி பண்றேன் சரி பண்றேன்னு வீட்டுக்கு வர்றவங்களையெல்லாம் சரி பண்ணிட்டாரு" என்று ஒரு நாள் சொன்னாள். சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

நடுவில் ஒன்று சொல்ல விட்டுப்போனது. குடியுரிமைக்குப் பேர் பதிய எல்லோரும் வரிசை வரிசையாகப் போன சமயம் அது. நாங்கள் மூன்று பேரும் போனோம். மேஜைக்காரர் மலாய்க்காரர், பொறுமையான மனிதர். அக்காவிடம் புருஷன் பேர் என்ன என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். அவள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை. அந்தக் காலத்து வழக்கம், ஆயுசு குறையும் என்பார்கள். "அவரு", "நம்ம வீட்டுல", "ஏங்க", இவ்வளவுதான். மேஜைக்காரர் மறுபடி கேட்டார். புருஷனே சொல்லட்டும் என்று திரும்பிப் பார்த்தால், புருஷன் அந்தப் பெரிய மண்டபத்தின் கோடியில் நின்று பட்டென்று கைதட்டுகிறார். தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று மேஜைக்காரர் எழுந்தேவிட்டார். கடைசியில் நான்தான் அந்தப் பேரைச் சொன்னேன். "நீங்கதான் புருஷனா?" என்று அவர் என்னைக் கேட்டார். "இல்லீங்க, அங்க கைதட்டுறாரே, அவரு" என்றேன்.

வெளியே வந்து மச்சான் சொன்னது: "அரசாங்கத்துக் கூடம், ஆனா என்னா கத்து கத்துது!"

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ரேடியோவில் ஞாயிறு மத்தியானம் நேயர் விருப்பம் வரும். பாட்டு மூன்று நிமிஷம், அதற்கு முன்னால் கேட்டவர்களின் பேர் ஐந்து நிமிஷம். எங்கள் ஆட்களுக்குப் பாட்டைவிட அந்த ஐந்து நிமிஷம்தான் முக்கியம். அப்பா, அம்மா, தங்கச்சி, தங்கச்சி மாப்பிள்ளை, பக்கத்து வீடு என்று ஒரு தபால் அட்டையில் எறும்பு எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். தன் பேரை ரேடியோ சொல்லிவிட்டால் அந்த வாரம் முழுதும் நடையே வேறு. மச்சானுக்கு அந்தப் பேர்ப் பட்டியல் ஆகாது. அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கிவிடுவார். "பேச்சுக்கு வேற மாதிரி சரி பண்ணணும். பாட்டு வந்தா சொல்லு" என்பார்.

அக்கா ஓர் அட்டை போட்டாள். அதில் சந்துக்காரர்களின் பேர்கள். கோபித்துக்கொண்டவர்கள் எல்லோரும். எழுதி முடித்ததை என்னிடம்கூடக் காட்டவில்லை, கையால் மறைத்துக்கொண்டே தபால்பெட்டியில் போட்டுவிட்டாள். அடுத்த வாரம் மலாக்கா நேயர்களின் வாரம் என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா அன்று மாலையே சேலை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றாள்.

"உங்க பேரெல்லாம் எழுதிப் போட்டிருக்கேன். எங்க வீட்டுல வந்து கேளுங்க."

"எங்க கடையிலயே ரேடியோ இருக்கே தங்கச்சி" என்றார் ரெங்கசாமி.

"இருக்கு. அதுல கேட்டா உங்க பேரு தகர டப்பாவுக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும். ஒரு தடவை வாங்கண்ணே. இந்தத் தடவையும் நீங்க மனசு கஷ்டப்பட்டுப் போனீங்கன்னா, நான் இனிமே யாரையும் கூப்பிட மாட்டேன்."

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழம இந்தக் கூடத்துல இருந்து யாராவது மூஞ்சியத் தூக்கிட்டுப் போனா, நான் இந்த மூட்டைங்களுக்கு நடுவுலயே கிடந்து சாக வேண்டியதுதான்."

வந்தார்கள். ரெங்கசாமி, அவர் மனைவி, இன்னும் நாலு வீட்டுக்காரர்கள். கோபம் தீர்ந்து வரவில்லை, பேர் ஆசையில் வந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில் மாக் நாகம்மா. வாசலில் நின்று கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். மூலையில் அந்தப் பிரம்பு நாற்காலி. அதைப் பார்க்காததுபோல நேராக நடந்து, நடுவில் ஆணி அடித்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஏழெட்டு மாதமாக மச்சானைத் தவிர ஒருவரும் உட்காராத நாற்காலி. அவர் வாய் திறந்தது. அக்கா அவரைப் பார்த்தாள். வாய் மூடியது.

பிறகு எண்ணினார். "பதிமூணு பேரா?"

"போன வாரமே சொன்னேன், ஆள் வருவாங்கன்னு."

"எத்தனன்னு சொல்லலையே. வெறும் ரூமுக்கு வச்சு மூணு நாளா அளந்திருக்கேன். பதிமூணு பேரும் சேந்து சத்தத்தக் குடிச்சிட்டா ரூம் செத்துரும்."

"செத்தா நான் தலைமுழுகிக்கிறேன். நீங்க ரேடியோவப் போடுங்க."

போட்டார். அறிவிப்பாளர் மலாக்கா என்றார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். மச்சான் பட்டென்று ஒரு தட்டுத் தட்டித் தலையைச் சாய்த்தார். முகம் போன போக்கைப் பார்த்ததுமே நான் அவர் முழங்கையைப் பிடிக்க எட்டினேன்; அகப்படவில்லை. கிடுகிடுவென்று ரெங்கசாமியிடம் போய்க் குனிந்தார். "அண்ணே, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம்… உங்க வீட்டுக்காரங்க ஒல்லி, அவங்க நடுவுல வரட்டும்…"

ரெங்கசாமி எழுந்தேவிட்டார். மாக் நாகம்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார், எழுவதற்கு.

"ஆளத் தொடாதீங்க!"

அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ரேடியோகூட ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது.

"இன்னைக்கு ஒருத்தரையும் நகத்தக் கூடாது. உங்களுக்கு நகத்தியே ஆகணும்னா சாக்க நகத்துங்க."

மச்சான் அவளைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். உதடு கணக்குப் போட்டது. அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அட, ஆமா! ஆள் இருக்கிறப்ப சாக்கு எதுக்கு?"

ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். அடுத்தது. அடுத்தது. இலவம்பஞ்சு பறந்து எல்லோரும் தும்மினார்கள். முதல் அட்டைக்குப் பேர் வாசித்து, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரெங்கசாமி பொறுக்கமுடியாமல் தானும் ஒரு மூட்டையைத் தூக்கினார். "எங்கப்பா சாவுல கைதட்டின மனுஷனுக்கு மூட்ட தூக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டேதான் தூக்கினார். நான் ஜன்னலில் சாத்தியிருந்த மெத்தையை இழுத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் காற்று வந்தது. கடைசி மூட்டை சந்தில் விழுந்தபோது, மூட்டை இருந்த இடத்தில் எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்து, மலாக்கா, காஜா பெராங்கிலிருந்து பாக்கியம் அவர்கள்."

மச்சான் வாசலுக்குப் பக்கத்தில், கண்ணை மூடி, தலையை இடது பக்கம் சாய்த்து நின்றார். குமிழைத் திருகவில்லை. அந்த வரைக்கும் கும்பிடு.

பேர்கள் வந்தன. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு பேரும் ஆளே வந்து நிற்பதுபோல் வந்தது. ரெங்கசாமி தன் பேரைக் கேட்டதும், யாரோ கூப்பிட்டதுபோல "ம்" என்றார். அவர் மனைவி வெட்கத்தில் அவர் முதுகில் அடித்தாள். "நாகம்மா" என்று வந்தது. பாட்டுப் புரியாத, பேச்சுப் புரியாத மாக் நாகம்மாவுக்கு அது புரிந்தது. "இத்து சாயா!" அது நான்தான் என்று நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். கூடம் முழுக்க வளையல் கிணுகிணுத்தது.

எல்லாப் பேரும் முடிந்தது. அறிவிப்பாளர் ஒரு மூச்சு எடுத்தார். கடைசியாக இன்னொரு பேர் சொன்னார்.

மச்சானின் பேர். அவர் தகப்பனார் பேரோடு சேர்த்து, முழுசாக, நிறுத்தி.

நான் அக்காவைப் பார்த்தேன். அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஏழு வருஷமாக வாயால் சொல்லாத பேரை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டவளின் முகம் அது. பதிமூன்று பேரும் திரும்பி மச்சானைப் பார்த்தார்கள்.

மச்சான் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"கவனிச்சீங்களா?" என்றார். "ஒரு 'ஸ' கூட உஸ்ஸுன்னு தெறிக்கல!"

"அவனுக்குக் கேக்கலையா?" என்று மாக் நாகம்மா என்னிடம் மலாயில் கேட்டார். கேட்கவில்லை என்றேன். முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. பிறகு உடம்பு முழுவதும். பிறகு ஆணி அடித்த நாற்காலி. அவர் சிரிக்க, ரெங்கசாமி சிரிக்க, அக்கா கேட்டிருந்த பாட்டு தொடங்கி முடிந்ததைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

"யோவ், உன் பேர வாசிச்சான்யா!" என்றார் ரெங்கசாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என் பேரா? எப்போ?"

"இப்பத்தான்! கடைசியா!"

"யாரு எழுதினா?"

எல்லோரும் அடுப்படிப் பக்கம் பார்த்தார்கள். நிலையில் யாரும் இல்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. அது அதிர்கிறது என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

வந்தவர்கள் சுண்டல் தின்று, கோப்பி குடித்து, சிரித்த முகத்தோடுதான் போனார்கள். மாக் நாகம்மா போகும்போது அக்காவின் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டு, எங்கள் தட்டைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரெங்கசாமி என் சைக்கிளுக்கு மறுபடியும் பஞ்சர் ஒட்டினார். ஆனால் பம்பை எடுப்பதற்கு முன்னால் என் முகத்துக்கு நேரே ஒரு கைதட்டுவார். அதைச் சகித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மச்சான் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"பாக்கியம், எப்படிச் சொன்னான்? அப்பா பேரோட சேத்தா?"

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு தடவ சொல்லிக் காட்டு, கேப்போம்."

"நானே வாயால சொல்றதா இருந்தா அட்டை எதுக்கு எழுதுறேன்?" என்றாள் அவள், திரும்பாமலே. "எனக்குச் சொல்ல முடிஞ்சதச் சொல்லிட்டேன். கேக்கறவங்க கேட்டாங்க."

அந்தப் பேரை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அக்கா வாயில் வராத பேர், அவர் காதில் விழாத பேர். அதை அச்சில் போட நான் யார்?

மூட்டைகளில் பாதி மறுநாளே உள்ளே வந்துவிட்டன. கைதட்டலும் நிற்கவில்லை. அந்த மனிதரைத் திருத்த முடியாது என்று அன்றைக்கே கைகழுவிவிட்டேன். அடுத்த ஞாயிறு கண்டக்டர் உடுப்போடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தேன். நேயர் விருப்பம் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் ஈப்போ, தைப்பிங் என்று ஏதேதோ ஊர்க்காரர்களின் பேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். மச்சான் பெட்டிக்கு முன்னால், நாற்காலியில்கூட உட்காராமல், தரையில் சாக்கட்டிக் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். தலை நேராக இருந்தது.

"என்ன மச்சான், 'ஸ' எப்படி இருக்கு?" என்றேன்.

அவர் திரும்பாமல் கையை மட்டும் தூக்கினார்.

"சும்மா இரு தம்பி. பேர் வாசிக்கிறாங்க."